வரப்பில் ஹாஃப் கிளட்ச்

எங்கள் பக்கத்தில் எது கெட்டுப்போனாலும் பழி உப்புக்குத்தான். கதவுக் கீல் இற்றுப்போனால் உப்புக்காற்று. சுவர்ப் பூச்சு உதிர்ந்தால் உப்பு. முட்டி வலித்தால் அதுவும் உப்பு. மரக்காணத்தில் பிறந்தவனுக்கு இப்படி ஒரு சௌகரியம் உண்டு. தன்னுடைய தவறு என்று எதையும் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமே அவனுக்கு வராது. நானும் ஒரு கோடை முழுக்க என் மோட்டார் சைக்கிளின் கிளட்ச் எரிந்துபோனதற்கு உப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். உப்பைத் திட்டி அலுத்த பிறகு மெக்கானிக்கைத் திட்டினேன்.

உப்பளத்தில் எனக்கு மோட்டார் பார்க்கிற வேலை. கழிமுகத்துத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுகிற டீசல் எஞ்சின்கள் நான்கும் என் பொறுப்பு. சத்தத்தைக் கேட்டே எதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எஞ்சின் விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது என்று அளத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன்.

அந்த வேலையோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது, குடிதண்ணீர் கொண்டுபோவது. உப்பளத்தைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான், வாயில் வைக்கத்தான் ஒரு சொட்டு இருக்காது. நல்ல தண்ணீர் ரோட்டோரம் வரை லோடு ஆட்டோவில் வந்து இறங்கும். அங்கிருந்து கடைசிப் பாத்திகளுக்கு ஒன்றரை கிலோமீட்டர் களிமண் வரப்பு. ஆட்டோ ஏறாத அகலம். அந்தக் கடைசிப் பாத்திகளில் இருபது பெண்கள் உப்பு வாருகிறார்கள். விடிவதற்குள் இறங்கினால் வெயில் உச்சிக்கு ஏறும்வரை முழங்கால் வெந்துபோகும் உப்புத் தண்ணீரில் நிற்க வேண்டும். முந்தைய கோடையில் ஒரு பெண் உப்பு வாரும் பலகையைப் பிடித்தபடியே பாத்திக்குள் உட்கார்ந்துவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். மயக்கம். அன்றிலிருந்து காலையில் இரண்டு நடை, நடைக்கு இரண்டு கேன், என் வண்டியில்தான் போகும்.

வண்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நாற்பது வயதுக்கு மேலான ஒற்றை சிலிண்டர் வண்டி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இந்தக் காலத்துப் பையன்கள் ஏறி உட்கார்ந்தால் நிறுத்துவதற்குப் பதிலாக கியர் போட்டுவிடுவார்கள். கோட்டக்குப்பத்தில் ஒருவர் துபாய்க்குக் கிளம்பும் அவசரத்தில் விற்றபோது வாங்கினேன். இருபுறமும் இரும்புக் கூண்டு வெல்டிங் வைத்து கேன்களை உட்கார வைத்தேன். காலையில் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை நாலு தடவை மிதித்து, ஒட்டிக்கொண்டிருக்கும் பிளேட்டுகளைப் பிரித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வேன். சாயங்காலம் நல்ல தண்ணீரில் கழுவி, பிரஷ்ஷால் பழைய ஆயில் பூசிவிடுவேன். மொபெட் ஒன்று வாங்கித் தொலையேன் என்று சொன்னவர்கள் உண்டு. ஒருவர் கொண்டுவந்தும் காட்டினார். நாற்பது லிட்டர் தண்ணீரோடு அது வரப்பின் பள்ளத்தில் இறங்கி, நேராகப் பாத்திக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. எனக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அளத்தில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. வாருகிற காலத்தில் வரப்பின் மேல் எந்த வண்டியும் ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகக்கூடாது. வெயிலில் வரப்பு மண் மாவாகிவிடும். கொஞ்சம் வேகம் எடுத்தாலும் தூசி எழும்பி, காற்றில் பறந்து, பூத்துக் கிடக்கும் உப்பின் மேல் உட்காரும். உப்பு பழுப்பாகிவிட்டால் அவ்வளவு பேருடைய உழைப்பும் மண்தான். அதனால் சைக்கிள்காரன்கூட எங்கள் வரப்பில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவான். நானோ வண்டியை நடக்கவைப்பேன். முதல் கியரில், இரண்டு விரலை கிளட்ச் மேல் வைத்து, கொஞ்சம் பிடித்து, கொஞ்சம் விட்டு, எறும்பு ஊர்வதுபோல ஒன்றரை கிலோமீட்டர். தூசி ஒரு துளி எழும்பாது. பாத்தியில் நிற்கிற பெண்கள் அதைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்காகவே இன்னும் மெதுவாகப் போவேன்.

தை மாதம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாசி முடிவில் ஒரு நாள் வண்டி முனகியது. எஞ்சின் கத்துகிறது, சக்கரம் நகர மாட்டேன் என்கிறது. கிக்கரை மிதித்தால் கால் சும்மா கீழே போகிறது. கிளட்ச் வழுக்குகிறது என்று புரிந்தது. தீய்ந்த எண்ணெய்ச் சட்டி வாசனை வேறு. சந்தேகமே இல்லாமல் கிளட்ச் பிளேட் போய்விட்டது.

பழைய வண்டிகளுக்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஆள்தான், கோட்டக்குப்பத்து மெக்கானிக் பாய். என் வயதுதான் இருக்கும். வேலை செய்யும்போது பேச மாட்டார். பேசினால் வேலை செய்ய மாட்டார். ஒரு நல்ல நாளாகப் பார்த்துப் புது பிளேட்டுகள் போட்டு, பொம்மையார்பாளையம் வரை ஈ.சி.ஆரில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்து சாவியைக் கையில் கொடுத்தார்.

“ராஜா மாரி போவுதுங்க. ரெண்டு வருஷம் இந்தப் பக்கமே வராதீங்க.”

மூன்றே வாரத்தில் போனேன். மறுபடியும் புது பிளேட்டுகள் போட்டு, ஸ்ப்ரிங்குகளையும் மாற்றிவிட்டார். ரோட்டில் வண்டி மறுபடியும் ராஜாதான். அளத்துக்கு வந்து இருபது நாளில் மறுபடியும் தீய்ந்த வாசனை. எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம். கழற்றிய பிளேட்டுகளைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடை வாசலில் டீ குடிப்பவர்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே அவர் மேஜை மேல் கருகிய பிளேட்டுகளைக் கொட்டினேன்.

“இன்னா பாய், டூப்ளிகேட் சரக்கத் தலையில கட்டிட்டு ராஜான்றீங்களா?” என்றேன்.

அவர் பிளேட்டுகளைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

“இத்தினி வருஷத்துல என்னை யாரும் அப்படிச் சொன்னதில்ல. நீங்க சொல்லிட்டீங்க. இனிமே இந்த வண்டியைக் கொண்டாந்து என் கடையில நிறுத்தாதீங்க” என்றார். சத்தம் போடக்கூட இல்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

போனால் போகட்டும் போடா, நான்கு டீசல் எஞ்சின்களை மேய்க்கிறவனுக்கு ஒரு கிளட்ச் பெரிதா என்று திரும்பினேன். ஆனால் அளத்தில் விஷயம் முற்றிவிட்டது. வண்டி நின்ற நாட்களில் எல்லாம் கடைசிப் பாத்திப் பெண்களுக்குத் தண்ணீர் பாதி வழியோடு நின்றது. இரண்டு பெண்கள் நடந்து வந்து கேனைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அளத்தை எடுத்து நடத்துகிற குத்தகைக்காரருக்கு அந்த இரண்டு பேர் வேலையை விட்டு வந்ததுதான் கண்ணில் பட்டது.

“இன்னொரு வாட்டி உன் வண்டி படுத்துச்சின்னா அவ்ளோதான்” என்றார். “ரோட்டாண்ட ஒரு பிளாஸ்டிக் டேங்க் வச்சிடறேன். வேணும்னா வந்து குடிச்சிட்டுப் போவட்டும்.”

போகவர மூன்று கிலோமீட்டர். பாத்தி வாரினால்தான் கூலி. யார் வருவார்கள்? வர மாட்டார்கள். வீட்டிலிருந்து ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்து, எட்டு மணிக்கே அதைத் தீர்த்துவிட்டு, மீதி நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். பாத்திக்குள் உட்கார்ந்த அந்தப் பெண்ணின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. டேங்க் வேண்டாம், வண்டி ஓடும், அதற்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். வாய் இருக்கிறதே, அது முதலில் போய் நின்றுகொள்ளும். நான் பின்னால் ஓட வேண்டும்.

மூன்றாவது செட்டை நானே மாட்டினேன். இடது ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் கழற்றி, கீழே தட்டு வைத்து, சைடு கவரைப் பிடித்திருக்கும் ஒற்றை நட்டைத் திருப்பினால் கருப்பு ஆயில் கொட்டும். உள்ளே கிளட்ச். ஸ்ப்ரிங்குகளைத் தளர்த்தி, பிளேட்டுகளை ஒவ்வொன்றாக உருவினேன். நடுவே இருக்கும் ஸ்டீல் பிளேட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக் கிடத்தி, ஒவ்வொரு ஸ்டீல் பிளேட்டையும் அதன் மேல் வைத்து விரலால் தட்டிப் பார்த்தேன். ஆடினால் கோணிவிட்டது என்று அர்த்தம். இரண்டு ஆடின. “அடுத்தது என் தோசைக்கல்ல எடுப்பீங்களா?” என்றாள் மனைவி. எடுத்திருப்பேன், அதுதான் ஏற்கெனவே கோணல்.

புது பிளேட்டுகளை ஆயிலில் நன்றாக ஊறப்போட்டு அடுக்கினேன். ஸ்ப்ரிங்குகளை ஒரே அளவாக இறுக்கினேன். லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்தினால் வெளித்தட்டு தள்ளாடாமல் சுற்ற வேண்டும். சுற்றியது. கேபிளுக்குள் காகிதக் கூம்பு வைத்து ஆயிலை இறக்கினேன். லீவர் அடியில் ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்குத் தளர்வு விட்டேன். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த வேலையில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மேல் என் சொந்த மூளை ஒன்று செய்தது. ரோட்டில் நன்றாக ஓடுகிற கிளட்ச் அளத்தில் மட்டும் எரிகிறது என்றால் காரணம் என்ன? உப்பு! காற்றோடு கவருக்குள் புகுந்து பிளேட்டை அரிக்கிறது. எனவே கவரின் விளிம்பு, கேபிள் நுழையும் வாய், ஆயில் ஊற்றும் மூடி எல்லாவற்றையும் ஆயில் கசிவுக்குப் பூசுகிற பேஸ்ட் வைத்து அடைத்தேன். ஒரு கொசு மூச்சுவிட வழியில்லை.

பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு, கடைசிப் பாத்திக்கு முந்நூறு அடி இருக்கும்போது, அந்த வாசனை.

வண்டியை நிறுத்தாமல், லீவரோடு மல்லுக்கட்டி ஊர்ந்துகொண்டே இருந்தேன். நின்றால் மறுபடி நகராது என்று தெரியும். வரப்பில் உப்புக் குவியலில் கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, தலையில் வெறுங்கூடையோடு என் பக்கத்திலேயே நடந்து வந்தாள். கடைசிப் பாத்திக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அவள்தான். என்னைவிட நாலைந்து வயது சிறியவள். தினமும் என் வண்டியோடு பேச்சுத் துணைக்கு இப்படிக் கூடவே நடப்பாள். அவ்வளவு மெதுவாகத்தான் என் வண்டி போகும் என்பதை நான் இதுவரை யோசித்ததே இல்லை.

“இன்னாண்ணே, இன்னைக்கும் தீயுதா?”

“உப்பும்மா. உள்ள பூந்துட்டு உசிர எடுக்குது.”

அவள் என் இடது கையைப் பார்த்துக் கேட்டாள்.

“அந்தக் கம்பிய எதுக்கு எப்பவும் ரெண்டு விரலால புடிச்சிக்கினே வர்றீங்க? ரோட்டுல போறவங்க யாரும் அப்படிப் புடிக்கலியே.”

“அதான் கிளட்ச்.”

“புடிச்சா இன்னா ஆவும்?”

கிளட்ச் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்குச் சொல்ல எனக்கு அலுக்கவே அலுக்காது. “உள்ள தட்டு தட்டா இருக்குதும்மா. பாதித் தட்டு எஞ்சினோட சுத்தும், பாதி சக்கரத்தோட சுத்தும். கம்பிய விட்டா ரெண்டும் கெட்டியா ஒட்டிக்கும், வண்டி போவும். முழுசாப் புடிச்சா பிரிஞ்சிடும், வண்டி நிக்கும்.”

“பாதி புடிச்சா?”

“பாதி புடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு தேச்சிக்கினே...”

லீவர் மேல் இருந்த என் இரண்டு விரலைப் பார்த்தேன்.

அவள் விடவில்லை. “தேச்சா சூடாவுமே. நீங்க ரோட்டாண்டயிருந்து இங்க வரைக்கும் பாதிதானே புடிச்சிக்கினு வர்றீங்க?”

“முழுசா விட்டா வண்டி ஓடுமேம்மா. தூசி பறக்குமே.”

“அப்ப எங்க உப்புக்காவத்தான் எரியுதா?” என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஓங்கி என் தலையில் நானே குட்டிக்கொள்ளவும் தோன்றியது. சாலையில் கிளட்ச்சைப் பிடிப்பது கியர் மாற்றும் ஒரு நொடி மட்டுமே. இங்கே நான் ஒரு நடைக்கு அரைமணி நேரம், தினம் இரண்டு நடை, நாற்பது லிட்டர் தண்ணீர்ச் சுமையோடு, தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்று தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். புத்தகம் படித்தவனுக்குக்கூட இரண்டு நிமிடத்தில் புரிகிற விஷயம். பிறரிடம் இதே தவறைப் பார்த்திருந்தால், “ஏம்பா, கிளட்ச்ச என்னா ஊறுகாயா நெனச்சிட்டியா, தொட்டுக்கினே இருக்கே?” என்று ஊரைக் கூட்டியிருப்பேன். என் மெதுவான நடையில் எனக்கிருந்த கர்வம் என் கண்ணை மறைத்துவிட்டது. பிளேட்டில் தப்பு இல்லை, ஸ்ப்ரிங்கில் தப்பு இல்லை, உப்பும் பாவம். என் இரண்டு விரல்தான்.

வண்டியை அங்கேயே நிறுத்தினேன். மீதி தூரம் அவளும் நானும் ஆளுக்கொரு கேனைத் தூக்கிக்கொண்டு போனோம்.

எந்தக் கெடுதலையும் கண்டுபிடித்துவிட்டால் போதும், மீதி எனக்குத் தூசு. மெதுவாகவும் போக வேண்டும், கிளட்ச்சையும் தொடக்கூடாது. அப்படியென்றால் முதல் கியரிலேயே வண்டி ஆள் வேகத்தில் நடக்க வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து சங்கிலியை இழுக்கும் முன்பக்கப் பல்சக்கரத்தில் பற்கள் குறைந்தால் வண்டியின் வேகம் குறைந்து இழுவை கூடும். ரோட்டில் டாப் ஸ்பீடு போய்விடும். போகட்டும், நான் யாரோடு பந்தயம் ஓடப்போகிறேன்? திண்டிவனத்திலும் புதுச்சேரியிலும் கடை கடையாகப் போன் போட்டேன். அவ்வளவு பழைய வண்டிக்கு அவ்வளவு சின்னப் பல்சக்கரம் யாரிடமும் இல்லை. எல்லோரும் சொல்லிவைத்ததுபோல ஒரே ஆளைத்தான் கைகாட்டினார்கள். கோட்டக்குப்பத்து பாய்.

இரண்டு நாள் போகவில்லை, மனசு வரவில்லை. அந்த இரண்டு நாளும் தண்ணீரை நான் சைக்கிளில் ஒற்றைக் கேனாக வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். குத்தகைக்காரர் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்ததையும் பார்த்தேன். மூன்றாம் நாள் ரோட்டோரம் ஒரு புது பிளாஸ்டிக் டேங்க் இறங்கியிருந்தது. தண்ணீர் நிரப்பவில்லை, சும்மா நின்றது. அதைப் பார்த்ததும் நான் மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, ஒரு மினி லாரியில் வண்டியை ஏற்றினேன்.

அவர் ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். லாரியிலிருந்து இறங்குவது எந்த வண்டி என்று தெரிந்தும் திரும்பவில்லை.

“பாய், தப்பு என்னுது. பிளேட்டு நல்ல பிளேட்டு. நான்தான் ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டி எரிச்சிட்டேன்” என்றேன்.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பக்கத்து டீக்கடையைப் பார்த்தார்.

“அன்னைக்கு மெதுவாவா சொன்னீங்க?” என்றார்.

நியாயம்தான். டீக்கடைப் பக்கம் திரும்பி, அன்று நின்றவர்களில் மூன்று பேர் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரலில் அதையே முழுதாகச் சொன்னேன். பாய் டூப்ளிகேட் போடவில்லை, எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை. எனக்கு ஓட்டத் தெரியவில்லை! அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நானே நம்பவில்லை. காது சுட்டது. ஒரு பெரியவர் மட்டும், “பரவால்லப்பா, கத்துக்கலாம்” என்று ஆறுதல் சொன்னார். அது இன்னும் மோசம்.

பாயின் முகம் இளகிவிட்டது. என்னை வண்டியில் உட்காரவைத்து, வரப்பில் எப்படிப் போவேனோ அப்படியே தெருவில் போகச் சொன்னார். மிச்சமிருந்த பிளேட்டை வைத்து ஊர்ந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்தார். பத்துக் கடை தாண்டியதும் மூக்கைச் சுருக்கினார்.

“யா அல்லா! இப்படியே ஒன்னரை கிலோமீட்டரா? பிளேட்டு இன்னாங்க, இரும்பே உருகிடும். மூணு வாரம் தாங்குச்சே, அதுக்கே நீங்க எனக்கு மாலை போட்டிருக்கணும்.”

அவரிடம் அந்தப் பல்சக்கரம் இருந்தது. மலைப்பக்கம் ஓட்டுகிற ஒருவருக்காக வாங்கி, அவர் வராமல் போய், ஒரு டப்பாவில் கிரீஸ் பூசிக் கிடந்தது. இந்த வண்டியில் அது கிளட்ச்சுக்குப் பின்னால் உட்காருகிற சாமான். அதனால் மொத்தக் கிளட்ச்சையும் இறக்கித்தான் ஆக வேண்டும். நான் வைத்திருந்த பேஸ்ட்டைச் சுரண்டி எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. “யாருங்க இப்படிக் கல்லறை கட்டினது?” என்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன். உள்ளே பிளேட் அடுக்கின விதத்தையும் ஸ்ப்ரிங் இறுக்கத்தையும் பார்த்துவிட்டு, “வேலை சுத்தம்” என்று ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் டீக்கடைப் பக்கம் திரும்பிச் சொல்லச் சொல்லவில்லை. சொல்லச் சொல்லியிருக்கலாம்.

பல்சக்கரத்தைப் போட்டு, சங்கிலியில் ஒரு கண்ணியைக் குறைத்து, நாலாவது செட் பிளேட்டுகளை நாங்கள் இரண்டு பேருமே சேர்ந்து அடுக்கினோம். எஞ்சின் சும்மா ஓடும் ஐட்லிங் வேகத்தையும் இறக்கிவைத்தார். ஒவ்வொரு அடியையும் எண்ணிவிடலாம் போல நிதானமாகத் துடித்தது.

மறுநாள் காலை குத்தகைக்காரர் வரப்பின் தலைப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டேங்க் அவருக்குப் பின்னால் நின்றது. நான் இரண்டு கேனை ஏற்றி, முதல் கியர் போட்டு, கிளட்ச்சை முழுசாக விட்டுவிட்டு, இடது கையைத் தூக்கி அவருக்கு ஒரு சலாம் வைத்தேன். கொழுப்புதான், ஒத்துக்கொள்கிறேன். வண்டி தானாக நடந்தது. ஆள் நடக்கிற வேகம். தூசி இல்லை, வாசனை இல்லை. ஒன்றரை கிலோமீட்டருக்கும் என் விரல் லீவரைத் தொட்டது கடைசியில் நிறுத்துவதற்காக ஒரே ஒரு தடவை. திரும்பி வந்தபோது குத்தகைக்காரர், “டேங்க வீட்டுக்கு எடுத்துக்கினு போறேன், மொட்டை மாடிக்கு ஆவும்” என்று மட்டும் சொன்னார். ஜெயித்துவிட்டேன். இரண்டாம் நடையையும் கொண்டுபோய் இறக்கினேன். பிறகு மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, எஞ்சின்காரன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணி இருக்கும். கடைசிப் பாத்திப் பக்கமிருந்து கூடைக்காரி நடந்து வந்தாள். இரண்டு கையிலும் கேன்கள். காற்றில் ஆடின.

“அண்ணே, தண்ணி தீந்துடுச்சி. இன்னொரு நடை வர்றீங்களா?”

எனக்கு விளங்கவில்லை. இரண்டு நடை எப்போதும் போதும். அளத்திலேயே என் கணக்கு ஒன்றுதான் தப்பாதது என்று நினைத்திருந்தேன்.

“நாலு கேனுமா? ஒன்பது மணிக்கேவா? யாராவது கீழ ஊத்திட்டாங்களா?”

“யாரும் ஊத்தல. குடிச்சிட்டோம்.”

“இத்தினி நாளா போதுமா இருந்துச்சே?”

அவள் கேன்களைக் கீழே வைத்தாள். கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தாள்.

“நீங்க ரிப்பேர் பண்ணிக்கினு வந்தாலும், வண்டி வரும்போதே லேசாத் தீஞ்ச வாசன வரும். நாங்க நெறையக் குடிச்சா நீங்க மூணாவது வாட்டி வரணும், வண்டி மொத்தமா படுத்துடும், அப்புறம் தண்ணியே இல்லாம பூடும். அதான் ஒரு வாட்டிக்கு ஆளுக்கு ரெண்டு மொடக்குன்னு எங்களுக்குள்ள பேசி வச்சிக்கினோம். இன்னைக்குத்தான் வாசன வரல.”

எத்தனை நாளாக என்று கேட்டேன். மாசியிலிருந்து என்றாள்.

வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. நான் தூசி எழும்பாமல் வந்ததற்குத் தலையாட்டிய அதே பெண்கள், அந்தச் சித்திரை வெயிலில், என் வண்டியைக் காப்பாற்றத் தாகத்தை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கேனில் மீந்துபோகிறதே, போதுமான தண்ணீர் கொண்டுபோகிறேன் என்று நான் திருப்தியாக வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

அன்றைக்கு ஐந்து நடை போனேன். ஐந்தாவது நடையில் கொண்டுபோனதிலும் ஒரு கேன் காலியாகித்தான் திரும்பியது.